மூன்றரை அங்குலம்

என் கணவருக்கு வேலை செய்யும் கண் ஒன்றுதான். வலது கண்ணில் விழித்திரை பிரிந்து, இரண்டு முறை அறுவை செய்து, கடைசியில் வெளிச்சமா இருட்டா என்று சொல்லும் அளவுக்குத்தான் பார்வை மிஞ்சியது. இடது கண்ணிலும் திரை மெலிந்திருக்கிறது என்று, துணிக்கு ஓரம் அடிக்கிற மாதிரி லேசரால் சுற்றிலும் ஒட்டிவிட்டார்கள். அந்தக் கண்ணில் அடி படக்கூடாது என்று கண் டாக்டரம்மா சொன்னார். மின்னல் அடிப்பதுபோலத் தெரிந்தாலோ, கறுப்புப் பூச்சிகள் பறந்தாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்கினாலோ அந்த நிமிடமே வந்துவிட வேண்டும் என்றார். சொன்னது அவரிடம். ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்துகொண்டது நான்.

அன்றிலிருந்து பயப்படுவதே என் முதல் தொழிலாகிவிட்டது. ப்ளவுஸ் தைப்பது இரண்டாவது தொழில். இந்தத் தெலுங்கு ஊரில், மௌலா அலியில் எங்கள் காலனியில் பாதிப் பெண்களின் அளவு என் நோட்டில் இருக்கிறது. இவர் கண்ணின் அளவு என் தலைக்குள் இருந்தது.

காலையில் காபி கொடுத்ததும், கூடத்தின் அந்தக் கோடியில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரைப் படிக்கச் சொல்வேன். திருச்சியிலிருந்து என் தம்பி வருஷா வருஷம் அனுப்புகிற காலண்டர்.

"ராகு காலம் எத்தனை மணிக்குங்க?"

"ஏழரைலேருந்து ஒம்பது. திங்கக்கிழமைன்னா அதானே. இதுக்கு எதுக்குக் கண்ணு?"

அதற்குப் பிறகு தாளின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொல்ல ஆரம்பித்தேன். படித்தார் என்றால் அன்றைக்கு எனக்கு மூச்சு வரும்.

ஒற்றைக் கண்ணில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆழம் தெரியாது. டம்ளரிலிருந்து டவராவுக்கு ஆற்றினால் பாதிக் காபி தரையில் போகும். மாடிப்படி முடிந்துவிட்டதா இன்னும் ஒன்று இருக்கிறதா என்று காலால் தடவுவார். ஆகவே ஆழம் பார்ப்பது வீட்டில் என் வேலையாயிற்று. "முடிஞ்சுதா?" என்பார். "இன்னும் ஒண்ணு" என்பேன். நான் சொன்னால் காலை வைத்துவிடுவார். யோசிக்கவே மாட்டார். அந்த நம்பிக்கைகூட எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர் அவர். இருபத்தெட்டு வருஷம் உருப்பெருக்கியில் பார்த்துப் பார்த்து, நூலிழைக் குறையைக்கூடக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவர். கண் போனதும் அவரைக் கோப்புகள் இருக்கும் மேசைக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு வந்தால் டிவியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். நான் திட்டினால் பதில் இல்லை. திட்டுக்குப் பதில் சொல்லாத மனுஷனோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த ஒரு வருஷத்தில் தெரிந்துகொண்டேன்.

அப்படி இருந்தவர் ஒருநாள் பக்கத்திலிருக்கும் மல்லாபூரிலிருந்து சிரித்துக்கொண்டு வந்தார். கூட வேலை செய்பவர் ஒருவர் கூட்டிப்போனாராம். அங்கே ஒரு பழைய தொழிற்சாலைக் கொட்டகையைத் துப்பாக்கி சுடும் இடமாக மாற்றியிருக்கிறார்களாம். ஏர் ரைஃபிள்தான், லைசென்ஸ் தேவையில்லையாம். இவர் கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்டவர். வலது தோள் பழக்கத்தை விட்டு, இடது தோளில் வைத்து இருபது தோட்டா சுட்டாராம்.

"சுடுறதுக்கு ஒரு கண்ணு போதும்மா. ரெண்டு கண்ணு இருக்கறவனே ஒண்ணை மூடிக்கிட்டுத்தான் சுடுறான்" என்றார்.

அவர் அப்படிச் சிரித்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. மறுநிமிடம் பயம் வந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டோம். மொத்தமான பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் சுடலாம் என்று சொல்லிவிட்டார். எனக்கென்னவோ அவர் முடியாது என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ரைஃபிள் வாங்கியபின்தான் அடுத்த பிரச்சினை வந்தது. குறி பார்க்கத் துப்பாக்கியின் பின்னால் ஒரு வெட்டு, முன்னால் ஒரு முள், இருபத்தைந்து மீட்டர் தள்ளி ஒரு தாள். இந்த மூன்றையும் ஒரே கோட்டில் பார்க்க வேண்டும். ஐம்பத்தாறு வயதுக் கண்ணுக்குப் பக்கத்திலிருக்கும் வெட்டு புகையாகத்தான் தெரியும். மேலே ஸ்கோப் என்கிற சின்னத் தொலைநோக்கி வைத்தால் குறியும் தாளும் ஒன்றாகவே தெரியும், ஸ்கோப் வாங்கலாம் என்றார்.

நான் போனில் ஸ்கோப் என்று தேடினேன். முதலில் வந்த வீடியோவில் ஒரு தாட்டியான வெள்ளைக்காரர் பெரிய துப்பாக்கியால் சுட்டார். துப்பாக்கி பின்னால் எகிறியது. தலையைத் தூக்கினார். ஸ்கோப்பின் விளிம்பு இடித்து, புருவத்துக்கு மேல் அரைவட்டமாக ரத்தம். அவர் சிரித்தார், வீடியோ எடுத்தவனும் சிரித்தான். இப்படி அடிபடுவது அந்த ஊரில் சகஜமாம். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அன்றைக்குத் தைக்க வேண்டிய கையைக் கழுத்தில் வைத்துத் தைத்தேன்.

"வேண்டாங்க" என்றேன்.

"அது பெரிய துப்பாக்கி. நம்மளது காத்துல சுடுறது."

"காத்தோ நெருப்போ, இடிச்சா இடிச்சதுதானே?"

கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். ஸ்கோப்பைத் தேர்ந்தெடுக்க நானும் வருவேன். என் இஞ்ச் டேப்பும் வரும்.

அபிட்ஸ் பக்கம் அந்தக் கடை இருந்தது. கடைக்காரர் வெள்ளைத் தாடி வைத்த பாய். இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு துப்பாக்கிக் கடைக்கு வந்த பெண்பிள்ளையை அவர் முன்பு பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஹிந்தியில், அவருடைய தக்னி உருதுவில் பேச்சு நடந்தது.

இவர் கை முதலில் போனது கண்ணாடி அலமாரியில் இருந்த நீளமான, கனத்த ஒன்றுக்கு. இருபத்து நாலு மடங்கு பெரிதாகக் காட்டுமாம்.

"நக்கோ சார்" என்றார் பாய். "ஏ படீ பந்தூக் கா ஹை. ஆப் கா ஸ்ப்ரிங் வாலா." வேண்டாம், இது பெரிய துப்பாக்கிக்கானது, உங்களுடையது ஸ்ப்ரிங் வைத்தது என்று சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பி, தன் உள்ளங்கையையே துப்பாக்கியாக வைத்து விளக்கினார். பெரிய துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்ப்ரிங் வைத்த ஏர் ரைஃபிள் முதலில் பின்னால் போகும். உள்ளே ஸ்ப்ரிங் முட்டி நிற்கும்போது முன்னால் ஒரு குலுக்குக் குலுக்கும். முன்னாலும் அடி, பின்னாலும் அடி. அதைத் தாங்காமல் பெரிய துப்பாக்கியின் ஸ்கோப்பே உள்ளுக்குள் உடைந்துபோகும். அதனால் இதற்கென்றே செய்த ஸ்கோப்தான் வேண்டும்.

கண்ணாடியே உடையும் என்றால் கண் என்ன ஆகும்? "இதுல கண்ணுக்கும் கண்ணாடிக்கும் எவ்வளவு தூரம் இருக்கணும்?" என்று கேட்டேன்.

அதைக் கேட்டதும் பாயின் முகம் மலர்ந்துவிட்டது. எல்லாரும் எத்தனை மடங்கு என்று கேட்பார்கள், யாரும் இதைக் கேட்க மாட்டார்கள் என்றார். ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் ஒரு தூரம் உண்டு. அந்தத் தூரத்தில் கண்ணை வைத்தால்தான் வட்டம் முழுதாகத் தெரியும். கிட்டே போனாலும் எட்டிப் போனாலும் கறுப்பு வளையம் விழும். பெரிதாகக் காட்டும் ஸ்கோப்பில் பெரும்பாலும் அந்தத் தூரம் குறைவு.

நாலு ஸ்கோப்புகளை ஒவ்வொன்றாக இவரைப் பார்க்கச் சொன்னேன். வட்டம் முழுதாகத் தெரிகிறது என்று இவர் சொன்னதும், அசையாதீங்க என்று சொல்லி, புருவத்திலிருந்து கண்ணாடி விளிம்பு வரை டேப்பை வைத்தேன். இரண்டே முக்கால். மூன்று. இரண்டரை. கடைசியாக, ஒன்பது மடங்கு மட்டும் காட்டும் சின்ன ஸ்கோப்பில் மூன்றரை.

"இது" என்றேன்.

"ஒம்பதுல தாள்ல இருக்கற ஓட்டை தெரியாதும்மா."

"ஓட்டை தெரியாட்டிப் பரவால்ல. கண்ணு தெரியட்டும்."

பாய் சிரித்தார். "கைக்கு டர்தே அம்மா? ஏ தேக்கோ", ஏன் பயப்படுகிறீர்கள், இதைப் பாருங்கள் என்று ஒரு மவுண்டை எடுத்துக் கையில் கொடுத்தார். ஸ்கோப்பைத் துப்பாக்கி மேல் பிடித்துவைக்கும் இரும்புப் பிடி அது. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வளையமாகவும் இருக்கிறது. ஆனால் ஸ்ப்ரிங் குலுக்குகிற குலுக்கில் தனி வளையங்கள் ஒவ்வொரு சூட்டுக்கும் மயிரிழை மயிரிழையாகப் பின்னால் நகருமாம். பின்னால் என்றால் சுடுபவரின் கண்ணை நோக்கி. பாய் கொடுத்தது இரண்டு வளையமும் ஒரே துண்டாக இருப்பது. அதன் அடியில் மிளகு அளவுக்கு ஒரு ஆணி. ரைஃபிளின் முதுகில் அதற்கென்று ஒரு துளை இருக்கிறது. ஆலன் கீ என்கிற வளைந்த திருகுச் சாவியால் திருகினால் ஆணி அந்தத் துளைக்குள் இறங்கி உட்காரும். உட்கார்ந்துவிட்டால் மவுண்ட் எங்கேயும் போகாது.

எனக்குத் தெரிந்த சாமிகளோடு அன்றைக்கு அந்த ஆணியும் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து மாட்டினோம். இவர் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, குறுக்கும் நெடுக்குமாக முடுக்கினார். பரிசோதனைப் பிரிவுக் கை, ஒரு திருகு அதிகம் ஒரு திருகு குறைவு என்று விடாது. ஆணியை இறக்கும்போது மட்டும் என்னைக் கூப்பிட்டார். "உக்காந்துச்சா பாரு." நான் குனிந்து பார்த்தேன். ஆணியின் தலை மவுண்டோடு சமமாக இறங்கியிருந்தது. உட்கார்ந்துவிட்டது என்றேன். டேப்பை வைத்து அளந்தேன். மூன்றரை. என் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, மவுண்டிலிருந்து ரைஃபிளின் உடம்பு வரை ஒரு கோடு போட்டேன். மவுண்ட் நகர்ந்தால் கோடு விலகும்.

"பரவால்லியே, எங்க டிபார்ட்மெண்ட்ல சேர்ந்திருக்கலாம் நீ" என்றார். அவரிடமிருந்து பாராட்டு கேட்டு இரண்டு வருஷமாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மல்லாபூருக்கு நானும் போவேன். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ப்ளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருப்பேன். பத்துச் சூட்டுக்கு ஒருமுறை எழுந்துபோய்க் கோட்டைப் பார்ப்பேன். அது அப்படியே இருக்கும். ஐந்து மாதம் அப்படிப் போனது. இவர் டிவியை அணைத்துவிட்டு என்னோடு சண்டை போட ஆரம்பித்திருந்தார். பயம் போகவில்லை, ஆனால் தூங்கினேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் அன்றைக்குப் பெரிய ஆயுதம் என் தையல் மிஷின். அதைத் துடைத்து, முதுகில் இருக்கிற துளைகளில் எண்ணெய் விட்டு, பொட்டு வைத்து, பூ சுற்றி ஹாலில் வைப்பேன். பக்கத்தில் கத்தரிக்கோல், இவருடைய ஸ்பேனர்கள். அந்த வருஷம் ரைஃபிளும் சேர்ந்தது. லென்ஸில் சந்தனம் பட்டுவிடும் என்று பயந்து, இவரே ஸ்கோப்பை மவுண்டோடு கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி வைத்துவிட்டார். எல்லாச் சாமானுக்கும் சந்தனம் அப்புகிறவள் நான் என்று அவருக்குத் தெரியும்.

ரைஃபிள் எனக்குத் தனியாகக் கிடைத்தது. இதற்கு எதையாவது செய்து அவர் கண்ணைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. மிஷின் எண்ணெயைத் துணியில் நனைத்து உடம்பு முழுக்கத் தேய்த்தேன். மவுண்ட் பிடிக்கிற பள்ளங்களிலும் பளபளவென்று தேய்த்தேன். பிறகு சந்தனத்தைக் குழைத்துக் கட்டையில், குழலில், பிடியில் என்று வைத்துக்கொண்டே வந்தேன். முதுகில் அந்தச் சின்னத் துளை. பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. விரலால் சந்தனத்தை எடுத்து அதில் அழுத்தி, மேலே குங்குமம் வைத்தேன். இந்த ஆணி உட்காருகிற இடத்தை நீதான் பார்த்துக்கணும் என்று வேண்டிக்கொண்டு வைத்தேன். அதைச் சொல்லாமல் இருந்தால் பொய் சொன்னதாகும்.

மூன்று நாள் கழித்து இவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஸ்கோப்பை மாட்டினார். மேலே இருந்த குங்குமம் துணியோடு போய்விட்டது. துளைக்குள் இருந்தது காய்ந்து இறுகியிருந்தது. அது எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. அவர் கண்ணுக்கு ஆழம் தெரியாது. நான் அப்போது அடுப்பில் பால் வைத்திருந்தேன்.

ஆலன் கீயைத் திருகிக்கொண்டே கூப்பிட்டார். "உக்காந்துச்சா பாரு."

சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். "உக்காந்துருச்சு" என்றேன்.

ஆணியின் தலை கொஞ்சம் தூக்கியிருந்திருக்கும். இருந்திருக்க வேண்டும். எனக்கு நினைவில் இருப்பது பால் பொங்கிய சத்தம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மல்லாபூரில் கூட்டம் இல்லை. இவர் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் சாய்ந்து உட்கார்ந்தார். எண்ணெயில் துடைத்ததில் நெயில் பாலிஷ் கோடு வெளுத்திருந்ததால் காலையில்தான் புதிதாகப் போட்டிருந்தேன். பத்துச் சூடு ஆனதும் எழுந்துபோய்ப் பார்த்தேன். கோட்டின் மேல் பாதி ஒரு நூல் அளவு பின்னால் இருந்தது.

"ஏங்க, கோடு விலகியிருக்கு."

"புதுசா போட்டேல்ல, காயறதுக்குள்ள கை பட்டிருக்கும்."

"இல்லங்க, நகர்ந்திருக்கு. போதும், எந்திரிங்க."

"இன்னும் அஞ்சுதான். இந்தத் தாளை முடிச்சுட்டு வர்றேன். நீயே பாத்துதானே சொன்னே, உக்காந்துருச்சுன்னு?"

ஆமாம், நானேதான் சொன்னேன். நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தேன். கொக்கி கையில் இருந்தது, ஊசி கையில் இருந்தது, ஒரு தையல்கூடப் போடவில்லை. ஒன்று சுட்டார். இரண்டு. வட்டத்தில் கறுப்பு வளையம் விழுகிறது போலிருக்கிறது, தலையை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். எழுந்துபோய்க் கையைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். சுடும்போது தொடக்கூடாது என்று பலகையே போட்டிருக்கிறார்கள். மூன்று.

டொக் என்று ஒரு சத்தம். சுடுகிற சத்தம் இல்லை. அவர் தலை பின்னால் போனது, ரைஃபிள் மேசையில் சாய்ந்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் ரத்தம் வந்தது.

நான் ஓடியது எனக்கு நினைவில்லை. பக்கத்தில் நின்று அவர் கைகளை விலக்கிக்கொண்டிருந்ததுதான் நினைவிருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடிக்கு உள்பக்கம் முழுக்க ரத்தம். இடது கண் இருந்த இடம் சிவப்பாக இருந்தது.

"ஒண்ணும் தெரியலம்மா" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியல."

கத்தவில்லை. காபி கீழே கொட்டிவிட்டது என்று சொல்வாரே, அந்தக் குரலில்தான் சொன்னார். நான் கொன்றுவிட்டேன், இந்த மனுஷனின் கண்ணைக் கொன்றுவிட்டேன் என்று மனம் ஓயாமல் அடித்துக்கொண்டது.

அங்கே பொறுப்பில் இருந்த தெலுங்குக்காரத் தம்பி, "ஏமைந்தம்மா, ஏமைந்தி?" என, என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். கண்ணாடியைக் கழற்றினோம். தண்ணீரை ஊற்றி, என் துப்பட்டாவால் ஒற்றி எடுத்தேன். வெட்டு புருவத்துக்கு மேல் இருந்தது. வீடியோவில் பார்த்த அதே அரைவட்டம். ஸ்கோப் கண்ணாடிச் சட்டத்தில் இடித்து, சட்டத்தின் மேல் விளிம்பு தோலைக் கிழித்திருந்தது. புருவத்து ரத்தம் மொத்தமும் கண்ணுக்குள் இறங்கியிருந்தது.

"தொறங்க. மெதுவா தொறங்க. மின்னல் தெரியுதா? பூச்சி பறக்குதா? திரை விழுதா?"

இமையைப் பிரித்தார். மூடினார். மறுபடியும் பிரித்தார். "நீ கத்துறதுதான் தெரியுது."

நான் நம்பவில்லை. என்னைச் சமாதானப்படுத்த எதையும் சொல்லக்கூடிய ஆள். சுவரில் இருந்த பலகையைக் காட்டி, "அதுல என்ன எழுதியிருக்கு, படிங்க" என்றேன்.

"குழலைத் தரையைப் பாத்து வைக்கவும்னு எழுதியிருக்கு."

அது தெலுங்குப் பலகை. இவருக்கு மாற்றலாகி வந்து பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் இருந்தும் எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. படித்தாரா, பழக்கத்தில் சொல்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தத் தம்பியின் சட்டையைப் பிடிக்காத குறையாக, "சஹீ ஹை க்யா? அப்படித்தான் எழுதியிருக்கா?" என்று இரண்டு மொழியிலும் கேட்டேன். அவர் பலகையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "ஹவ் அம்மா, சஹீ ஹை", சரிதான் என்றார். சரியாக இருந்தாலும் பலகை அங்கே ஐந்து மாதமாக இருக்கிறதே என்று அடுத்த பயம் வந்தது.

பக்கத்து ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டார்கள். அங்கிருந்து ஆட்டோ பிடித்துக் கண் டாக்டரம்மாவிடம் போனோம். சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரிய முக்கால் மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார். என் விரல் நுனியில் சந்தன வாசனை இன்னும் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தேன். பூஜை முடிந்து நாளாகிவிட்டது, இருக்க வழியில்லை. ஆனாலும் முகர்ந்தேன். நிஜத்தில் அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டு, வெளிச்சம் அடித்து, மேலே பாருங்கள், கீழே பாருங்கள் என்று வெகுநேரம் பார்த்தார். லேசர் போட்ட ஓரம் அப்படியே இருக்கிறது, ஒன்றும் பிரியவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் உட்காருங்கள் என்றார்.

மறுநாள் மதியம் இவர் படுக்கையில் படுத்திருந்தார். தையல்மேல் கட்டுப் போட்டிருந்ததில் இடது கண் முக்கால்வாசி மறைந்திருந்தது. நான் ரைஃபிளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து மவுண்டைக் கழற்றினேன். கழற்ற வேண்டிய அவசியமே இல்லை, கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. பள்ளத்தில் என் மிஷின் எண்ணெய். துளையில் எட்டிப் பார்த்தேன். மஞ்சளாக, மட்டமாக அடைத்திருந்தது. ஆணி அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். சந்தனம்.

தடித்த ஊசி ஒன்றை எடுத்து அதைச் சுரண்டினேன். தூள் தூளாக வந்தது. துளையை ஊதி, ஸ்பிரிட்டில் துடைத்து, மவுண்டை இருந்த இடத்தில் வைத்தேன். பிறகு மேசையிலேயே தலையை வைத்துக்கொண்டு அழுதேன். தூளைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டேன்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். தையல் பிரித்தபின் சொல்லலாம், தழும்பு ஆறியபின் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இவர், "நான்தான் திருகைச் சரியா முடுக்கல. அவ அப்பவே சொன்னா, நான் கேக்கல" என்று சொன்னார். நான் பக்கத்தில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். ஐயோ பாவம், நீ எவ்வளவு பயந்திருப்பாய் என்று எல்லாரும் என் கையைப் பிடித்தார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு குறையைக்கூடத் தவறவிடாத மனுஷன், செய்யாத தவறைத் தன் பேரில் எழுதிக்கொண்டார். நான் அதை எழுதவிட்டேன். எனக்குத் தெரிந்துவிட்ட இன்னொரு விஷயமும் இருந்தது. சொன்னால் இனி ஆழம் பார்க்க என்னைக் கூப்பிட மாட்டார். படியில் காலை வைக்கும் முன் யோசிப்பார். கண் போவதற்கு அடுத்தபடியாக எனக்குப் பயம் அதில்தான்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் சுடப் போனார். நான் ஐந்து சூட்டுக்கு ஒருமுறை கோட்டைப் பார்த்தேன். கோடு நகரவே இல்லை.

மறு வருஷம் ஆயுத பூஜை. மிஷினைத் துடைத்துவிட்டுக் குழைத்த சந்தனத்தோடு ஹாலுக்கு வந்தேன். ஸ்கோப்பைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்திருந்தார். ரைஃபிள் பூஜை மணையில் தயாராக இருந்தது. பொட்டு வைக்கக் கையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

முதுகில் அந்தத் துளையின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. சின்னதாக, நாலு பக்கமும் கத்தரித்து, கச்சிதமாக. பள்ளங்கள் இரண்டிலும்கூட நீளவாக்கில் ஒட்டியிருந்தது.

இவர் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை இறக்கவில்லை.

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"அடுத்த நாளே."

"யார் சொன்னா?"

"கண்ணுலதானே கட்டு இருந்துச்சு? காது நல்லாத்தான் இருந்துச்சு." ஒரு பக்கத்தைத் திருப்பினார். "ஊசி வச்சுச் சுரண்டுறது கேட்டுச்சு. அப்புறம் நீ அழுதது கேட்டுச்சு. சரி, விடுன்னு விட்டுட்டேன்."

நான் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். ஒரு வருஷமாக அவரிடமிருந்து எதைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேனோ, அது முதல் நாளிலிருந்தே அவரிடம் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகும் எத்தனை படிகளில் "முடிஞ்சுதா?" என்று கேட்டிருக்கிறார். நான் சொன்னதும் காலை வைத்திருக்கிறார்.

பூஜை முடிந்து மூன்றாம் நாள் டேப்பை உரித்து, ஸ்கோப்பை மாட்ட உட்கார்ந்தார். அடுப்பை அணைத்துவிட்டு நானும் எதிரில் உட்கார்ந்தேன். வளையங்களை முடுக்கினார். ஆலன் கீயை ஆணியில் வைத்து மெதுவாகத் திருகினார். நின்றது. புருவத்துத் தழும்பு சுருங்க நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உக்காந்துச்சா பாரு" என்றார்.

கொஞ்சம் இருங்க என்று சொல்லிவிட்டு டார்ச் எடுத்துவரப் போனேன்.